ஞாயிறு பின்னேரம் ஒன்பது பிறஷர்

என் முதுகெலும்பு முறிந்த இரண்டாவது வருஷத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து லண்டனில் எங்கள் நோர்பரி வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. வெள்ளை நிறம், சாப்பாட்டுப் பெட்டி அளவு. நெற்றியில் சின்னத் திரை, அதற்குக் கீழே நான்கு பொத்தான்கள். பக்கத்திலிருந்து ஒரு றப்பர் குழாய் புறப்பட்டு, கையில் சுற்றும் பட்டியில் போய் முடிந்தது. பொருத்த வந்தவர் அதை முன்னறையில் தொலைபேசி வயரோடு இணைத்தார். வேலை செய்கிறதா என்று தன் கையிலேயே பட்டியைச் சுற்றி அளந்து பார்த்தார். இலக்கம் வந்தது. தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் பத்து நிமிஷம்.

பெட்டியின் வேலை எளிமையானது. காலை ஒன்பது மணிக்கு அது கீச்சிடும். நான் பட்டியைச் சுற்றிப் பொத்தானை அமத்தினால் இரத்த அழுத்தத்தை அளக்கும். பிறகு ஆங்கிலத்தில் நான்கு கேள்விகள் கேட்கும்: நித்திரை வந்ததா, தலையிடி இருந்ததா, தோலில் எங்கேயாவது சிவந்திருக்கிறதா, நேற்றைவிட இன்று நலமா. ஓம் அல்லது இல்லை, அவ்வளவுதான். பிறகு எல்லாவற்றையும் தொலைபேசி வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். அங்கே ஒரு நேர்ஸ் கணினிக்கு முன்னால் இருந்து என்னைப் போன்றவர்களின் காலைகளைப் படிப்பார். அனுப்பி முடியும் வரைக்கும் எங்கள் தொலைபேசி எங்கேஜாக இருக்கும். சுவிஸிலிருந்து எடுக்கும் உறவினர்கள், விடியவே யாரோடு இவ்வளவு கதை என்று மனைவியிடம் கேட்டார்கள்.

இது எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லவேண்டும். நான் வேலை செய்த கடையின் களஞ்சியத்தில் பருப்பு மூட்டை ஒன்றை மேல்தட்டில் வைக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தேன். அன்றிலிருந்து நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. இப்படியானவர்களின் இரத்த அழுத்தம் வழக்கமாகக் குறைவாகவே இருக்கும். என்னுடையது தொண்ணூறுக்கும் நூறுக்கும் இடையில் தூங்கி வழியும். ஆனால் கீழே ஏதாவது பிழைத்தால், உதாரணமாகச் சிறுநீர் போகும் குழாய் மடிந்து அடைபட்டால், அதை எனக்குச் சொல்ல உடம்புக்கு வேறு வழியில்லை. அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். தலை இடிக்கும், முகம் சிவக்கும், நெற்றி வியர்க்கும். காரணத்தைக் கண்டுபிடித்து நீக்கினால் சில நிமிஷங்களில் இறங்கிவிடும். கண்டுபிடிக்காவிட்டால் மூளையில் இரத்தம் கசியலாம் என்று ஆஸ்பத்திரியில் தந்த சின்ன அட்டையில் எழுதியிருந்தது. நல்ல, சுருக்கமான வசனம். பத்திரிகையில் இருந்தபோது அப்படி எழுதத் தெரிந்த நிருபர்கள் எனக்கு இரண்டு பேர்தான் கிடைத்தார்கள்.

கொழும்பில் பதினொரு வருஷம் ஒரு தினசரியில் செய்திகளைத் திருத்தும் மேசையில் இருந்தவன் நான். லண்டனுக்கு வந்த பிறகு பகலில் கடை வேலை. புதன்கிழமைகளில் மட்டும் ஃபாரஸ்ட் கேட்டில், அச்சகம் ஒன்றின் பின்னறையில் தயாராகும் தமிழ் வாரப் பத்திரிகைக்குப் பக்கங்கள் முடித்துக் கொடுப்பேன். விழுந்த பிறகு கடை போய்விட்டது. பத்திரிகை போகவில்லை. உங்களுக்கான இடம் அப்படியே இருக்கிறது என்றார் ஆசிரியர். சக்கரக் கதிரையை நானே கொண்டுவருவேன், அந்தச் செலவு மிச்சம் என்றேன்.

சிக்கல் போய்ச் சேருவதில்தான். ரயில் என்றால் படிகள். நகரக் கவுன்சில் அனுப்பும் வான் வண்டி என்றால் மூன்று நாளைக்கு முன்பே சொல்லவேண்டும், அதன் பிறகும் எப்போது வருவது என்பதை வான்தான் தீர்மானிக்கும். பக்கம் முடிக்கிற நாளில் வானுக்காகக் காத்திருக்கிறவனை எந்தப் பத்திரிகையும் கன நாள் தாங்காது. ஆகவே நான் ஓட்டவேண்டும். கையாலேயே வேகத்தையும் பிறேக்கையும் கட்டுப்படுத்தும் கருவி பூட்டிய பழைய ஓட்டோமற்றிக் கார் ஒன்று வாசலில் தயாராக நின்றது. லைசன்ஸ் அலுவலகத்துக்கு டொக்டரின் படிவம் ஒன்றுதான் மிச்சம்.

அந்தப் படிவத்தில் ஒப்பம் வாங்கப் போன அன்று, டொக்டருக்கு முன்னாலேயே எனக்குப் பிறஷர் ஏறியது. என்ன காரணமென்று எனக்கே விளங்க முன்னர் நேர்ஸ்மார் இரண்டு பேர் என்னை நிமிர்த்திக் குழாயைத் தேடினார்கள். டொக்டர் பேனையை மூடினார். அவர் கோபக்காரர் அல்ல. இது நெடுஞ்சாலையில் வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று மட்டும் கேட்டார். மூன்று மாதம் வீட்டில் பெட்டி வைத்துப் பார்ப்போம், ஒழுங்காக இருந்தால் ஒப்பம் வைக்கிறேன் என்றார். பெட்டி வந்த கதை அதுதான்.

பெட்டியைத் தவிர வேறு கருவிகளும் எங்களோடு வாழ்ந்தன. கைத்தொலைபேசி அரைமணிக்கு ஒரு தரம் அடிக்கும். அடித்ததும் நான் கதிரையின் இரண்டு கைப்பிடிகளிலும் கையூன்றி உடம்பைத் தூக்கிப் பிடிக்கவேண்டும், இருந்த இடத்துத் தோல் புண்ணாகாமல் இருப்பதற்காக. வந்த விருந்தினருக்கு இது தெரியாது. நான் கையூன்றி எழும்புவதைக் கண்டதும், வழியனுப்பத்தான் ஆயத்தப்படுகிறேன் என்று நினைத்துத் தாங்களும் எழும்பிவிடுவார்கள். இருங்கோ, இருங்கோ என்று மனைவி ஓடிவருவாள். சிலர் அதற்குள் சப்பாத்தே போட்டிருப்பார்கள்.

டிஜிட்டல் கமெராவும் ஒன்று இருந்தது. தோலில் சிவப்புக் கண்டால் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அந்த இடங்கள் எனக்கு எட்டாதவை என்பதால் மனைவிதான் படப்பிடிப்பாளர். அதே கமெராவை இல்ஃபோர்டில் ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோனாள். பெண்ணின் தாய் படங்களைப் பிரதி எடுக்கக் கேட்டபோது, மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். மூன்றாம் நாள் கார்ட் பத்திரமாகத் திரும்பி வந்தது. அந்த அம்மா எதைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை வந்தபோது என்னைவிட என் மெத்தையைப் பற்றித்தான் அக்கறையாக விசாரித்தார்.

எங்கள் ஆட்களுக்கு வருத்தம் பார்க்க வருவது ஒரு கடமை. சுகமாக இருந்தபோது வருஷத்தில் ஒரு தரம் வந்தவர்கள், விழுந்த பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார்கள். அப்பிள், முந்திரிகைப்பழம், ஏதாவது ஒரு பால்மா ரின். ஒரு கட்டத்தில் நாங்களும் பிறர் வீடுகளுக்கு அதே ரின்களைக் கொண்டுபோனோம்.

தவறாமல் வந்தவர்களில் முதலிடம் மனைவியின் அக்காவுக்கும் அத்தானுக்கும். ஜேர்மனியில் பதினாறு வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து நோர்பரியிலேயே பலசரக்குக் கடை எடுத்தவர்கள். அக்காவின் கணவரான அத்தானை நான் நேரில் அண்ணை என்பேன். காரின் பற்றறி இறங்காமல் இருக்க ஞாயிறுதோறும் அதை ஸ்ராட் செய்து கால்மணி நேரம் ஓடவிடுவது அவர் தானாக எடுத்துக்கொண்ட பொறுப்பு. லண்டன் டொக்டர்மாரில் அவருக்கு நம்பிக்கை இல்லை. வந்து நான்கு வருஷமாகியும் ஒரு கிளினிக்கிலும் பதியவில்லை. ஜேர்மன் டொக்டர் ஆளைப் பார்த்து மருந்து எழுதுவான், இஞ்சை இருக்கிறவன் கொம்பியூட்டரைப் பார்த்து எழுதுகிறான் என்பது அவர் கொள்கை.

பெட்டி வந்து பதினோராம் கிழமை, ஒரு திங்கட்கிழமை, பத்து மணிக்கு நேர்ஸ் தொலைபேசியில் வந்தார். ஸ்கொட்லாந்துக்காரி. நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம். எப்படி இருக்கிறேன் என்று கேட்டார். நலம் என்றேன். உங்களிடம் ஒரு விஷயம் கேட்கவேண்டும் என்று தொடங்கினார். நேற்றுப் பிற்பகல் இரண்டரைக்கும் ஐந்துக்கும் இடையில் உங்கள் பெட்டியிலிருந்து ஒன்பது அளவுகள் வந்திருக்கின்றன. ஒன்றில் மேல் இலக்கம் எண்பத்தெட்டு. ஏழு நிமிஷம் கழித்து நூற்றுத் தொண்ணூற்றாறு. அதற்கு ஐந்து நிமிஷம் கழித்து நூற்று முப்பத்திநான்கு. நாடித்துடிப்பும் அதேபோல மலை ஏறி இறங்குகிறது.

"ஒன்றில் உங்களுக்கு மிகவும் விறுவிறுப்பான ஞாயிறு, அல்லது நீங்கள் ஒருவர் அல்ல, பலர்" என்றார்.

நான் தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டேன். அவள் குசினியில் போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நேற்று யாராவது பெட்டியைத் தொட்டார்களா என்று கேட்டேன்.

"ஓம். எல்லாரும் பாத்தவை" என்றாள், தேத்தண்ணி குடித்தவை என்று சொல்லும் அதே குரலில்.

நடந்தது இதுதான். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை நான் பின்னறையில் படுக்கவேண்டும், இதுவும் தோலுக்காக. அந்த நேரத்தில் முன்னறையில் எட்டுப் பேர். நாற்பது தாண்டிய எங்கள் ஆட்கள் எட்டுப் பேர் ஓர் அறையில் கூடினால், அரசியல் முடிந்ததும் கதை பிறஷருக்கும் சீனிக்கும் வரும். யாரோ பெட்டியைக் காட்டி இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். மனைவி விளக்கியிருக்கிறாள். விளக்கிவிட்டு, வீட்டுக்கு வந்தவர்களுக்கு இருப்பதைக் கொடுக்காமல் விடலாமா என்று, முதலில் தன் கையில் சுற்றிக் காட்டியிருக்கிறாள். பிறகு வரிசை. வடைத் தட்டு ஒரு பக்கமாகச் சுற்றியது, பட்டி மறுபக்கமாகச் சுற்றியது. பின்னறையில் படுத்திருந்த எனக்கு அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டதுதான். மைக்ரோவேவ் என்று நினைத்தேன்.

"அளந்தது எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகும் எண்டு உமக்குத் தெரியாதோ?" என்றேன்.

"உங்கடை கையிலை அளந்தாத்தானே உங்கடை எண்டு போகும்? பூட்ட வந்த ஆளும் தன்ரை கையிலைதானே பாத்தவர்?"

பெட்டிக்குக் கை தெரியும், ஆள் தெரியாது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எனக்குமே அதை யோசிக்கத் தோன்றவில்லை.

விஷயத்தை நேர்ஸிடம் சொன்னேன். மறுமுனையில் அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. பிறகு குரல் வேலைக்குத் திரும்பியது. இரண்டு காரியம் வேண்டும் என்றார். எந்த அளவு யாருடையது என்று நேரப்படி ஒரு பட்டியல் எழுதி இன்றே மின்னஞ்சலில் அனுப்பவேண்டும். இல்லாவிட்டால் ஒன்பதும் உங்கள் கணக்கில்தான் நிற்கும், டொக்டர் படிவத்தைத் தொடமாட்டார். இரண்டாவது, அந்த நூற்றுத் தொண்ணூற்றாறு யாராக இருந்தாலும் இன்றைக்கே ஒரு டொக்டரைப் பார்க்கவேண்டும். மற்ற உயர்ந்த அளவுக்காரருக்கும் அப்படியே சொல்லுங்கள், தேவையானால் கடிதம் தருகிறேன்.

நேரங்களை வாசித்தார். எழுதிக்கொண்டேன்.

மனைவி கத்தியை வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். அவளுடைய ஞாபகம் ஒரு நல்ல நிருபருடைய ஞாபகம். நேரம் தெரியாது, ஆனால் யார் எந்த வடைக்குப் பிறகு அளந்தார் என்பது வரிசையாகத் தெரியும். எண்பத்தெட்டு அவளுடையது. ஞாயிறுகளில் வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டு முடிய, பாத்திரங்களும் கழுவி முடியும்வரை அவள் சாப்பிடுவதில்லை. இலக்கத்தை எழுதும்போதுதான் எனக்கு அது உறைத்தது. நூற்றுத் தொண்ணூற்றாறு அத்தான். நூற்று முப்பத்திநான்கு சின்னம்மா, அதாவது மனைவியின் தாயின் தங்கை, அறுபத்தெட்டு வயது. பிறகு அக்கா, ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து வந்த கணவனும் மனைவியும், அவர்களோடு வந்த மாமி, கடைசியாகப் பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மா. அவர் உப்புக் கேட்டு வந்தவர், பிறஷரும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்.

எட்டுப் பேர். அளவு ஒன்பது. மிச்சமிருந்தது நான்கு நாற்பதுக்கு வந்த நூற்று எழுபத்திரண்டு.

மனைவி யோசித்தாள். "சின்னம்மாவாத்தான் இருக்கும். முதல் வந்ததை அவ நம்பேல்லை. பிறகு போய்த் திருப்பி அளந்திருப்பா" என்றாள். அடுப்பில் ஏதோ கொதிக்க, எழும்பிப் போனாள்.

அது சின்னம்மா இல்லை என்பது எனக்குத் தெரியும். நான்கு மணிக்குப் படுக்கையிலிருந்து கதிரைக்கு மாறி முன்னறைக்கு வந்தேன். எல்லோரும் வாசலில் நின்று, அத்தான் காரை ஸ்ராட் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கரைக்குப் பிறகு தலை இடிக்கத் தொடங்கியது. நெற்றியைத் தொட்டால் ஈரம். பட்டியை எடுத்துச் சுற்றினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் என்பது தெரியாமலில்லை. ஆனால் தலை இடிக்கும்போது இலக்கத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசை பெரிது. நூற்று எழுபத்திரண்டு. காற்சட்டையை உயர்த்திப் பார்த்தேன். மாறும்போது குழாய் முழங்காலுக்குக் கீழே மடிந்து கிடந்தது. நிமிர்த்தினேன். பத்து நிமிஷத்தில் தலையிடி போய்விட்டது. வாசலிலிருந்து அவர்கள் திரும்பி வந்தபோது நான் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை பெட்டி தலையிடி இருந்ததா என்று கேட்டது. இல்லை என்று அமத்தினேன்.

மூன்று மாதம் முடிய இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. அதுவரை ஒரு தரமும் ஏறவில்லை.

கணினியில் பட்டியலைத் தட்டினேன். எட்டு வரிகள் விரைவாக விழுந்தன. ஒன்பதாவது வரியில் ‘மனைவியின் சின்னம்மா, இரண்டாம் தரம்’ என்று எழுதினேன். அழகாகப் பொருந்தியது. படிக்கிற யாருக்கும் சந்தேகம் வராது. அனுப்பும் பொத்தானுக்கு மேல் கர்சர் நின்றது.

நான் பெரிய நேர்மைக்காரன் என்று சொல்லவரவில்லை. அந்த வரியை இன்னொரு தரம் படித்தேன், மேசைப் பழக்கம். பெயருக்கு எதிரே ஒரு தகவலை அச்சடிக்கப்போகிறோம் என்றால், அந்த ஆளுக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று பார்ப்பது எங்களுக்குச் சொல்லித்தந்த பழக்கம். பார்த்தேன். நாளைக்கு நேர்ஸ் சொல்வார், அறுபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு நூற்று எழுபத்திரண்டு, உடனே டொக்டரிடம் அனுப்புங்கள் என்று. சின்னம்மா சொன்னதைக் கேட்கிற மனுஷி. போவார். அங்கேயும் பயத்தில் கொஞ்சம் ஏறும். குளிசை எழுதுவார்கள். என்னுடைய மடிந்த குழாய்க்காக அவர் ஆயுள் முழுக்கக் குளிசை விழுங்குவார்.

வரியை அழித்தேன். ‘நான்’ என்று எழுதினேன். அதன் கீழே காரணம், எவ்வளவு நேரம், என்ன செய்தேன் என்று மூன்று வசனம். இன்று காலைக் கேள்விக்குக் கொடுத்த பதில் பொய் என்று நான்காவது வசனம். அனுப்பிவிட்டுக் குசினிக்குப் போனேன்.

மனைவி கறி கிளறிக்கொண்டிருந்தாள். நான்கு நாற்பது என்னுடையது என்றேன். கரண்டி நின்றது.

"நேற்று ஏன் சொல்லேல்லை?"

"கார்தான்."

அடுப்பைக் குறைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"அண்டைக்கு நீங்கள் விழுந்ததையும் எனக்குக் கடை ஆக்கள்தான் சொன்னவை" என்றாள். "இதையாவது நீங்கள் சொல்லியிருக்கலாம். நான் பத்தடி தூரத்திலை வாசல்லை நிண்டனான்."

அன்று மத்தியானம் சாப்பாட்டை என் மேசையில் வைத்துவிட்டு அவள் முன்னறையில் இருந்து சாப்பிட்டாள். பேசாமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. உப்புக் காணுமா என்று கேட்டாள். காணும் என்றேன்.

பின்னேரம் நேர்ஸ் எடுத்தார். பட்டியலுக்கு நன்றி என்றார். நான்காவது வசனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், குழாயை எந்தக் காலில் எப்படிக் கட்டுகிறீர்கள் என்று விபரமாகக் கேட்டார். டொக்டரிடமிருந்து அடுத்த கிழமை கடிதம் வந்தது. இன்னும் ஆறு கிழமை. அதற்குள் குழாயைக் காலில் மடியாமல் பிடிக்கும் வேறு விதமான பட்டி பூட்டவேண்டும். ஒவ்வொரு தரம் ஏறும்போதும், ஏறினால், நேரத்தையும் காரணத்தையும் நானே எழுதி அனுப்பவேண்டும்.

ஆறு கிழமை என்பது ஆறு புதன். ஆசிரியருக்குச் சொன்னேன். பரவாயில்லை, ஆனால் அதற்குமேல் என்னால் ஏலாது என்றார். நியாயம்தான். அந்தப் பக்கங்களை வேறு யாரோ ஒருவர் செய்துகொண்டிருந்தார், தலைப்புகளில் எழுத்துப் பிழையோடு.

இதற்கிடையில் அத்தானை டொக்டரிடம் அனுப்பவேண்டியிருந்தது. நானும் அக்காவும் சொல்லி அவர் அசையவில்லை. தன் உடம்புக்கு ஒன்றும் இல்லை, வடையில் உப்புக் கூட, அதுதான் ஏறியது என்றார். கடைசியில் மனைவிதான் வழி கண்டாள். உங்கள் பிறஷரை ஆஸ்பத்திரிக் கணினியே பார்த்துவிட்டு, அந்த ஆள் யார், உடனே வரச்சொல்லுங்கள் என்று தேடுகிறது என்றாள். பொய்யும் இல்லை. அத்தான் நிமிர்ந்து இருந்தார்.

"உண்மையா என்னையோ கேட்டவை?"

"உங்களைத்தான். ரண்டு தரம்."

அன்றே கடைக்குப் பக்கத்துக் கிளினிக்கில் போய்ப் பதிந்தார். மூன்று வகைக் குளிசை. கடைக்கு வருகிறவர்களிடம், ஆஸ்பத்திரிக்காரர் கொம்பியூட்டரில் பார்த்துத் தன்னைக் கூப்பிட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அக்கா சொன்னாள். ஜேர்மன் டொக்டர் அந்தக் கதையில் வரவில்லையாம்.

மற்ற விருந்தினருக்காக மனைவி மருந்துக்கடையில் தனியாக ஒரு பிறஷர் மெசின் வாங்கி, பெட்டிக்கு எதிர்ப்பக்கத்து மேசையில் வைத்தாள். அதை யாரும் மதிக்கவில்லை. இது ஆஸ்பத்திரிக்குப் போகாதோ, அப்ப என்னத்துக்கு என்றார் ஃபாரஸ்ட் கேட் மாமி. பெட்டியின் பட்டியை மனைவி அலுமாரியில் பூட்டி வைத்து, காலை ஒன்பதுக்கு மட்டும் எடுத்துத் தந்தாள். எனக்கு இடையில் அளக்கவேண்டுமானால் அவளிடம் கேட்கவேண்டும். அவள் அதைத் தண்டனையாக நினைத்தாளா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அந்த ஆறு கிழமையில் இரண்டு தரம் ஏறியது. ஒருமுறை புதுப் பட்டி இறுகியது, மறுமுறை சப்பாத்துக்குள் கால்விரல் மடிந்து கிடந்தது. இரண்டு தரமும் முதலில் அவளைக் கூப்பிட்டேன். இரண்டு தரமும் அவள் அலுமாரித் திறப்போடு வந்து பட்டியை எடுத்தாள். நேரம், இலக்கம், காரணம். எழுதி அனுப்பினோம். இனி அவ்வளவுதான், ஒப்பம் கிடைக்காது என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் அந்தக் கடதாசிகளை மேசையில் பரப்பி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், நெடுஞ்சாலையில் வந்தால் என்ன செய்வீர்கள் என்ற பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டார். தலை இடிக்கத் தொடங்கியதும் ஓரமாக நிறுத்துவேன், நிமிர்ந்து இருப்பேன், குழாய், பட்டி, சப்பாத்து என்ற வரிசையில் பார்ப்பேன், அட்டை பையில் இருக்கிறது, கைத்தொலைபேசியில் முதல் இலக்கம் மனைவியுடையது என்றேன். பேனையைத் திறந்தார். படிவத்தில் ‘முன்னறிகுறிகளை அறிவார், மறைப்பதில்லை’ என்று எழுதினார். இரண்டாவது பாதி முழு உண்மை அல்ல என்று நினைத்தேன். திருத்தவில்லை.

லைசன்ஸ் அலுவலகக் கடிதம் வந்த கிழமையே புதன்கிழமை ஃபாரஸ்ட் கேட்டுக்கு வருகிறேன் என்று ஆசிரியருக்குச் சொன்னேன். தனியாகப் போகத்தான் திட்டம். மனைவி சப்பாத்துப் போட்டுக்கொண்டு முன் சீற்றில் ஏறி இருந்தாள். எங்கே என்று கேட்டேன். அங்கே மரக்கறி மலிவாம் என்றாள்.

கருவியை என் பக்கம் இழுத்தால் கார் ஓடும், அப்பால் தள்ளினால் நிற்கும். பயிற்சியில் பலதரம் செய்ததுதான். ஆனால் வாசலை விட்டு வெளியே வந்தபோது இரண்டு பேருமே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். முதல் சிக்னலில் சிவப்பு.

"தலை இடிக்குதோ?" என்றாள்.

"இல்லை."

இரண்டாவது சிக்னலிலும் சிவப்பு. அதே கேள்வி, அதே பதில். மூன்றாவதில் எங்களுக்கு முன்னால் ஒரு இரட்டைத்தட்டு பஸ் நின்றது.

"தலை இடிக்குதோ?"

"இல்லை."

"உண்மையாவோ?"

முகத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள், வியர்வை இருக்கிறதா என்று. அவசரப்படவில்லை. கன்னத்தையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள்.

"பச்சை விழுந்திட்டுது. போங்கோ" என்றாள்.

கருவியை என் பக்கம் இழுத்தேன்.